எத்தனை கிரேன் என்று நீ சொல்லவில்லை

காஜா பெராங்,
மலாக்கா.
5 நவம்பர் 1958

அன்புள்ள தம்பி கருணாகரனுக்கு அக்கா சந்திரமதி எழுதுவது.

சிங்கப்பூரில் நீயும் விஜயாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் கை கால் முழுதாக இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் நலம் என்று மட்டும் எழுதி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்த மாதம் கை கால்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. காரணம் நீ விட்டுப்போன துப்பாக்கி.

மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு கப்பலேறிய உன் தோட்டத்துத் துரை அதை உனக்குக் கொடுத்தார். நீ மாற்றலாகிப் போகும்போது அத்தானுக்குக் கொடுத்தாய். போலீஸில் லைசன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றினாய். எல்லாம் முறையாகச் செய்த நீ, கூடவே மூன்று பெட்டித் தோட்டாக்களை வைத்துவிட்டு எதற்கு எது என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பெட்டிகளின் மேல் 150, 180, 220 என்று போட்டிருந்தது. உன் அத்தான் அதை கஜம் என்று நினைத்தார். அதாவது இந்தத் தோட்டா நூற்றைம்பது கஜம் போய் நின்றுவிடும், அதற்கு மேல் போக வேண்டுமென்றால் அடுத்த பெட்டி. முப்பது வருஷம் சர்வே ஆபீசில் நிலம் அளந்தவர் எண்ணைப் பார்த்தால் தூரம் என்றுதான் நினைப்பார். அது முனையில் இருக்கும் குண்டின் எடை, கிரேன் என்ற எடைக் கணக்கில் என்று நான் படித்துச் சொன்னேன். அவருக்குப் புரிவதற்காக, ஒரு பவுன் காசு நூற்றிருபத்து மூன்று கிரேன், ஆகவே சின்னது ஒன்றே கால் பவுன், நடுவில் இருப்பது ஒன்றரை, பெரியது ஒன்றே முக்கால் என்றும் சொன்னேன். "இத்தனை பவுனைப் பன்னிக்குப் போடறதா?" என்று கேட்டார். அதிலிருந்து அவருக்குச் சின்னதின் மேல்தான் பிரியம்.

பன்றி எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். ஆயர் குரோவில் நமக்கிருக்கும் மூன்று ஏக்கர் ரப்பரில் இந்த வருஷம் காட்டுப் பன்றித் தொல்லை. புதுக் கன்றுகளைத் தோண்டிப் போடுகின்றன. அங்கே ரப்பர்ப் பால் வெட்டுகிற அஞ்சலையை உனக்கு நினைவிருக்கும். புருஷன் போனபின் தோட்டத்து ஓரப் பலகை வீட்டில் தனியாக இருக்கிறாள். விடிகிற நேரத்தில் தனியாகவே வெட்டி, பத்து மணிக்குத் தனியாகவே மரத்தில் கட்டிய கோப்பைகளிலிருந்து பால் எடுக்கிறாள். அவளுக்காகவாவது ஒன்றைச் சுட்டுக் காட்டினால் மற்றவை ஓடிவிடும் என்று அத்தான் முடிவு செய்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. என் கணித உபகரணப் பெட்டி, அஞ்சலையின் பால் வெட்டும் கத்தி, அத்தானின் பழைய சர்வே சங்கிலி இவற்றோடு துப்பாக்கியும் சாமி முன் ஏறியது. அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முப்பது தோட்டாக்களையும் பெட்டியிலிருந்து கொட்டி, தாம்பாளத்தில் தாமரை வடிவில் அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியோட வைக்கக் கூடாதா?" என்றேன்.

"அட்டைய மூடி வெச்சா ஆசீர்வாதம் எப்படி உள்ள போகும் சந்திரா? நீ பி.ஏ. படிச்சவ, யோசிச்சுப் பேசு."

மறுநாள் விஜயதசமி. தாமரையைக் கலைத்துத் தோட்டாக்களை ஒரே பிஸ்கட் டின்னில் போட்டார். சந்தனம் காய்ந்த தோட்டாக்கள் எல்லாம் ஒரே முகம். அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆயர் குரோ போனார். ரப்பர் முடிந்து புதர்க்காடு தொடங்கும் இடத்தில் கருப்பாக, பெரிதாக ஒன்று அசைந்ததாம். சுட்டார். பட்டது. விழாமல் காட்டுக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அது கத்துனது பன்னி கத்துற மாதிரி இல்ல" என்றார். பக்கத்தில் வெடித்ததில் காது அடைத்திருக்கும் என்றேன்.

காயப்பட்ட பன்றி காயப்படாத பத்துப் பன்றிகளைவிட ஆபத்து என்பது எனக்கும் தெரியும். பண்டார் ஹிலிரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது இளவயதில் ஒரு வெள்ளைக்காரரோடு நாலு வருஷம் வேட்டைக்குப் போனவர். அவரிடம் அத்தானை அழைத்துப் போனேன். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே விசாரணை நடந்தது.

"எந்தத் தோட்டா போட்டீங்க அண்ணே?"

"பொட்டு வெச்சது."

"எல்லாத்துக்கும்தான பொட்டு!" ஹமீது என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, பன்னிக்குத் தோள்ல ரெண்டு விரல் கனத்துக்குக் கெட்டித் தோலு. லேசு குண்டு அதுல பட்டா செதறிப் போயிரும், உள்ள எறங்காது. மேல காயம், உள்ள கோவம்."

"வேகம் இருக்குல்ல பாய்?" என்றார் அத்தான்.

"வேகமாப் போயி? பெலுக்கார்ப் பொதர்ல ஒரு குச்சி தட்டுனா திரும்பிடும். கனமானது மெதுவாத்தான் போகும். போன வேலய முடிச்சிட்டுத்தான் நிக்கும்."

"நீங்க பன்னியத் தொடக்கூட மாட்டீங்க. இவ்வளவு பேசறீங்களே."

"தொடமாட்டேன், தின்னமாட்டேன். எடை சொல்றதுக்கு என்ன? நாப்பது வருஷமா அதான என் பொழப்பு!"

நான் பிஸ்கட் டின்னைப் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு தோட்டாவையும் தராசில் நிறுத்தேன். மூன்று எடைகளாக அழகாகப் பிரிந்தன. பெரியது பத்து, நடுவில் பத்து, சின்னது ஒன்பது. ஆகவே அத்தான் சுட்டது சின்னது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். சனிக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி. கையில் ஒரு பால் கோப்பை. வெள்ளைப் பாலின் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

"பதினாலாவது வரிசையில ஒரு மரம் டீச்சரு. வெட்டிட்டுப் போறப்ப சுத்தமா இருந்துச்சு. பால் எடுக்க வந்தா இப்படி."

வெற்றிலைச் சாறு என்றேன். அவள் வெற்றிலை போடுவதில்லை. மறுநாள் பதின்மூன்றாவது வரிசையில் ஒரு கோப்பை. அடுத்த நாள் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. வரிசைகள் காட்டுப் பக்கத்திலிருந்து அவள் வீட்டை நோக்கி இறங்குகின்றன. முதல் வரிசைக்கும் அவள் அடுப்படிக்கும் நடுவே பத்தடி.

நான் மூன்றாவது கோப்பையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அதில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டேன். நுரைத்தது. ரத்தம் நுரைக்கும். ரப்பர் பாலும் கொஞ்சம் நுரைக்கும் என்று படித்திருக்கிறேன், ஆகவே எதுவும் நிரூபணம் ஆகவில்லை. இதை அஞ்சலையிடம் விளக்கிச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

"கோப்பை என் இடுப்பு ஒசரத்துக்கு மேல கட்டியிருக்கு. பன்னி எக்கியா ஊத்தும்?"

"உடம்பை உதறும்போது தெறித்திருக்கும்."

"மரத்துல தெறிக்கல. இலையில தெறிக்கல. கோப்பைக்குள்ள மட்டும் குறி பாத்துத் தெறிக்குமா?"

வேலைக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. நான்தான் போ, பயமில்லை என்று சொன்னேன். காயம்பட்ட பன்றி பகலில் திறந்த இடத்துக்கு வராது என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். என் சொல்லை நம்பி அவள் போனாள், கருணாகரா. அதற்குப் பிறகு வகுப்பில் எனக்கு மனம் ஓடவில்லை.

ஒன்றாம் தேதி சனிக்கிழமை நானே அவளோடு போனேன். பத்து மணி வெயில். உனக்கு ரப்பர்த் தோட்டம் பழக்கம், எனக்கு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள் நேர்க்கோட்டில் ஓடி ஒரு புள்ளியில் முடிகின்றன. அந்தப் புள்ளியில் யாரோ நிற்பதுபோலவே இருக்கிறது, போய்ப் பார்த்தால் இன்னொரு மரம். மேலே காய்கள் படீரென்று வெடித்து விதைகள் விழுந்தன. ஒவ்வொரு வெடிக்கும் நான் நின்றேன், அஞ்சலை நிற்கவில்லை. தரையெல்லாம் காய்ந்த சருகு, பல்லி ஓடினாலும் கேட்கும். ஏழாவது வரிசைக்கு முதுகைக் காட்டி நின்று நாங்கள் இருவரும் எட்டாவது வரிசையில் பால் எடுத்தோம். ஒரு சருகும் நொறுங்கவில்லை. திரும்பினோம். எங்களுக்கு ஒரு கை தூரத்துக் கோப்பையில் சிவப்பு இன்னும் விரிந்துகொண்டிருந்தது.

நான் மேலே பார்த்தேன். இலைகளுக்கு நடுவே வானம்தான் இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். வீட்டில் மலாய் மட்டுமே பேசும் பின்வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தத் துப்பாக்கியை இனிமேல் தூக்காதீர்கள் என்று மலாயில் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய் 220ஐ எடுத்தேன்.

இதிலும் ஒரு சிக்கல். துப்பாக்கியின் குறி இலேசான குண்டுக்கு வைத்தது, கனமானது அதே குறியில் தாழ்ந்து விழும். ஐம்பது கஜத்தில் ஒரு பலாப்பழத்தைக் கட்டி, நான் கணக்குப் போட்டுச் சொல்ல, அத்தான் மூன்று முறை சுட்டார். முதல் குண்டு மண்ணில். இரண்டாவது காம்பில். விழுந்த பழத்தைத் திரும்பக் கட்டி மூன்றாவதைச் சுட்டபோது நடுவில் பாய்ந்து, சுளை என் கண்ணாடியில் ஒட்டியது. "எடை சரியா இருக்கு" என்றார். இந்தச் சத்தத்துக்கு வந்த போலீஸ்காரர் மிச்சத் தோட்டாவில் துடைபடாத பொட்டைப் பார்த்து இது என்ன அடையாளம், எந்தக் கட்சி என்று கேட்டார். விளக்கி அனுப்ப அரை மணி ஆயிற்று.

நேற்று செவ்வாய்க்கிழமை. காலையில் நாலாவது வரிசை. மாலை ஐந்தரைக்கு அத்தான் அஞ்சலை வீட்டு வாசலில் காத்திருந்தார். பன்றி புதரிலிருந்து நேராக வந்தது, ஒரே குண்டில் விழுந்தது, எழவில்லை. நல்ல பெரிய ஆண் பன்றி. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார், பதினாலு நாளில் முதல் முறையாக. அஞ்சலை அழுதாளாம். இன்று மழை, வெட்டு இல்லை. நாளை முதல் தைரியமாக வெட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகவே நீ லீவு போட்டு வர வேண்டாம். சிவப்புக்கும் ஏதாவது காரணம் இருக்கும், அதை நிதானமாகக் கண்டுபிடிப்பேன். இனி யாரிடமாவது துப்பாக்கி கொடுத்தால் எத்தனை கிரேன் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. ஹமீது சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது: இத்தனை பெரிய மிருகத்துக்கு இருநூற்றிருபது.

தீபாவளி நெருங்குகிறது. விஜயாவுக்கு என் அன்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிறு கெடாத அளவுக்குப் பலகாரம் சாப்பிட்டு, இருவரும் நீண்ட நாள் நிறைவாக இருக்க உன் அத்தானும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் அக்கா
சந்திரமதி

பி.கு. 6ஆம் தேதி, பகல். தபாலுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பன்றியைப் பங்கு போட்ட சீனக் கசாப்புக்காரர் தோலைக் கொடுத்தனுப்பியிருந்தார். வெளிச்சத்தில் விரித்து இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரே ஓட்டை, நேற்று முன்தினத்து ஓட்டை. பழைய காயம் எங்கும் இல்லை, ஆறிய தழும்புகூட இல்லை. இன்று காலை இரண்டாவது வரிசையில் ஒரு கோப்பை சிவந்திருந்தது. மழையன்று மூன்றாவது வரிசையில் யாரும் பார்க்கவில்லை, ஆனால் அதுவும் கணக்கில் விடுபடவில்லை. நானே பஸ்ஸில் போய் அஞ்சலையைச் சட்டி பானையோடு இங்கே அழைத்து வந்துவிட்டேன். பயமில்லை என்று நான் சொன்னது தவறு என்றும் சொல்லிவிட்டேன். மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி, உடனே புறப்படு. ஆனால் தோட்டா எதுவும் வாங்கி வராதே. முதலில் சுட்டது பன்றியைத்தான் என்பதற்கு உன் அத்தான் சொன்னதைத் தவிர நமக்கு வேறு ஆதாரம் இல்லை. இன்று அவரிடம் நேராகக் கேட்டேன். "ரெண்டு கால்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அதற்கு எத்தனை கிரேன் என்று நீதான் எப்படிச் சொல்வாய்?