தரையா, மேசையா

"விருந்துக்குத் தரையா, மேசையா மச்சான்?" என்று போனில் கேட்டார் பாக்கர்.

நெய்னா முகம்மது தன் முட்டியைத் தடவிக்கொண்டார். வருங்காலச் சம்பந்தி இதை ஏன் கேட்கிறார்? முட்டிவலி விஷயம் அவர் ஊர் பனைக்குளம் வரை போய்விட்டதா?

"தரைதான். சஹன்ல சாப்பிட்டாத்தானே நிக்காஹ் விருந்து."



"அதத்தான் நானும் நெனச்சேன்," என்றார் பாக்கர்.

நெய்னாவின் மனைவி ஹமீதா பானு இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒரு சஹன் தட்டச் சுத்தி நாலு பேரு சம்மணம் போட்டு உக்காரணும். நீங்க உக்காந்தா எந்திரிக்க கிரேன்ல வரணும்."

"வேவு பாக்குறாரு. மேசைன்னு சொல்லியிருந்தா மாட்டியிருப்பேன்."

"முட்டிவலிக்கு யாராச்சும் நிக்காஹ நிப்பாட்டுவாகளா?"

"சர்க்கரைக்கு நிப்பாட்டலையா?"

போன வருஷம் மகள் சுஹாவுக்குக் கூடிவந்த சம்பந்தம், பெண்ணின் வாப்பாவான நெய்னாவுக்குச் சர்க்கரை முந்நூறு என்று தெரிந்ததும் கலைந்திருந்தது.

சுஹாவின் நிக்காஹ்வுக்கு நாற்பது நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை நெய்னா தேவிபட்டினத்திலிருந்து பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் பிசியோதெரபிஸ்ட் இர்பானிடம் போனார்.

"தேய்மானம் கொஞ்சந்தான் மாமா. தொடைத் தசையிலதான் பலமே இல்ல. அது தேறினா முட்டி பாரம் தாங்கும்."

மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி, ஐந்து எண்ண வேண்டும். உயரமான நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். இரண்டும் பத்துப் பத்துத் தடவை. மூன்றாவது வாரம் கணுக்காலில் கால் கிலோ எடை கட்டலாம்.

"தரையில மட்டும் உக்காராதீங்க."

"நான் வந்தத வெளிய சொல்லிராதீங்க தம்பி."

"வர்றவுக எல்லாரும் இதத்தான் சொல்றாக மாமா."

மூன்றாவது வாரம் வரை நெய்னாவுக்குப் பொறுமையில்லை. ஐந்தாம் நாளே, பக்கத்து வீட்டு வலையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஈயக் குண்டுகளை வாங்கி, சாக்ஸில் நிரப்பிக் கணுக்காலில் கட்டினார். இரண்டு கிலோ இருக்கும். வலையைக் கடலடிக்கு இழுக்கும் குண்டுகள் அவர் காலையும் அப்படியே இழுத்தன. ஆறாம் நாள் முட்டி வீங்கியது.

"திருக்கை முள்ளு குத்திருச்சு," என்று ஊரில் சொன்னார். அவர் கடலில் கால் வைத்து இருபது வருஷமாகியிருந்தது.

சேதி பனைக்குளம் போய்ச் சேர்ந்தது. மறுநாளே பாக்கர் வந்துவிட்டார்.

"உக்காருங்க மச்சான்."

பாக்கர் தாழ்வான சோபாவைக் கூர்ந்து பார்த்தார். "இருக்கட்டும். இங்கனயே நிக்கிறேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "எங்க குத்துச்சு?"

"பாதத்துல."

"வீக்கம் முட்டியிலல்ல இருக்கு?"

"விஷம் ஏறுதுல்ல."

பாக்கர் அந்த முட்டியையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கக்கூசு வெஸ்டர்னா, இல்ல நம்ம ஊரு மாதிரியா?" என்றார்.

குத்தவைக்க முடியுமா என்று சோதிக்கிறார். வெஸ்டர்ன் போட்டு ஆறு மாதமாகியிருந்தாலும் நெய்னா அசரவில்லை. "நம்ம ஊரு மாதிரிதான்."

"அப்ப நான் வாரேன்," என்று பாக்கர் அவசரமாகக் கிளம்பினார்.

"வீட்டை எடை போட வந்திருக்காரு," என்றார் நெய்னா.

"டீயக்கூடக் குடிக்கல," என்றாள் ஹமீதா. இப்போது அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாக்கர் தேவிபட்டினம் பள்ளிவாசலுக்கே வந்தார். வழக்கமாக நாற்காலியில் தொழும் நெய்னா, அதைக் காலால் ஓரந்தள்ளிவிட்டு முன்வரிசையில் நின்றார். பாக்கர் கடைசி வரிசையில் தூணோரம் நின்றார். தன் முதுகில் இரண்டு கண்கள் பதிந்திருப்பதை நெய்னா தொழுகை முழுக்க உணர்ந்தார். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து அவரைப் பக்கத்திலிருந்தவர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஈயக் குண்டைத் தொடவில்லை. இர்பான் சொன்னதை மட்டும் சொன்னபடி செய்தார். விருந்து நாளில் அவரால் தரையில் உட்கார முடிந்தது. எழுந்து பார்க்கத் துணியவில்லை.

நிக்காஹ் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. விருந்து மதியமே. சஹனில் எதிரே பாக்கர், இருபுறமும் உறவுக்காரர் இருவர். முதல் கவளம் எடுத்தபோதுதான் அடுத்த சஹனில் இர்பானைப் பார்த்தார்.

நெய்னா அவனைக் கூப்பிடவில்லை.

"அந்தத் தம்பி யாரு?" என்றார், சாதாரணமாகக் கேட்பதுபோல்.

"நாந்தான் வரச் சொன்னேன்," என்றார் பாக்கர், தலை நிமிராமல்.

நெய்னா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். சாட்சியையே கூட்டி வந்துவிட்டார். நிக்காஹ்வுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

சாப்பாடு முடிந்தது. உறவுக்காரர்கள் கை கழுவப் போனார்கள்.

"எந்திரிங்க மச்சான்," என்றார் பாக்கர்.

"மாப்பிள்ள வீட்டுக்காரவுக மொதல்ல."

"பொண்ணு குடுக்குறவுக மொதல்ல."

"சும்மா எந்திரிங்க."

"எனக்கு என்ன அவசரம்?"

தட்டு போனது. பந்தி காலியானது. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் இவர்களிடம் வந்து நின்றார்கள். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இர்பான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நடுவில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினான்.

"செவ்வாக்கிழம மாமா இந்தக் கையப் புடிங்க, புதன்கிழம மாமா அந்தக் கையப் புடிங்க, தரையில உக்காராதீகன்னு ரெண்டு பேருகிட்டயுந்தான் சொன்னேன்."