பாய்லர் குழாய் விஷயமாக அத்தான் எழுதுவது

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நல்ல சுகத்தோடு இருக்கிறோம். என் இடது தொடையில் மட்டும் ஓர் இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது, அதன் காரணம் கீழே வரும். நீயும் உன் வீட்டாரும் அதுபோலவே, தொடை நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று மத்தியானத்திலிருந்து உன்னைப் போனில் பிடிக்க முடியவில்லை. மணி அடிக்கிறது, உடனே கட்டாகிறது. உங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை என்று நான் சொல்கிறேன், உன் அக்கா வேறு மாதிரி சொல்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அது பயத்தினால் அல்ல, சந்தோஷத்தினால்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். என் பெண், நம் பாப்பா, எம்.பி. ஆனதும் அவளை எரிசக்தி, பருவநிலை மாற்றக் குழுவில் போட்டார்கள் அல்லவா? அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொன்னதைச் செய்கிறதா என்று மந்திரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதுதான் அந்தக் குழுவின் வேலை. மந்திரியும் அவள் கட்சி, ஆட்சியும் அவள் கட்சி, ஆகவே சின்னப் பெண் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டட்டும் என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். போன வருஷம் அந்த மந்திரி சபையில் எழுந்து, நீ வேலை பார்க்கிற நிலக்கரி மின் நிலையத்தை அடுத்த ஆண்டோடு மூடிவிடுவோம், நாட்டின் கரியமில வாயுக் கணக்கு மளமளவென்று இறங்கிவிடும் என்றார், எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அதை நம்பித்தான் உங்களையெல்லாம் காற்றாலைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், நீயும் போய்க் கோபுர ஏணியின் பாதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட, உன்னைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அதை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை, பாப்பாவைத் தவிர. இந்த நிலையில்தான் போன வாரம் நீ உன் அக்காவிடம் போனில், மின் நிலைய வாசலில் புது பாய்லர் குழாய் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன, காரை உள்ளே விட முடியவில்லை என்று அலுத்துக்கொண்டாய். நீ பார்க்கிங்கைப் பற்றித்தான் பேசினாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பாப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூடப் போற இடத்துக்கு எதுக்கும்மா புதுக் குழாய்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. குழு அந்த மந்திரியைக் கூப்பிட்டு விசாரிக்க இருந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கட்சிக் கொறடா வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், டீயைப் புகழ்ந்தார், திரைச்சீலையைப் புகழ்ந்தார், பிறகு பாப்பா குழுவில் தாராளமாகப் பேசலாம், கேள்வி மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்காது என்பதை இவ்வளவு பதமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாப்பாவின் முகம் வாடிவிட்டது. நானும் உன் அக்காவும் அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று மறுநாள் காலையில் பார்வையாளர் மாடத்தில் போய் உட்காருவதென்று முடிவு செய்தோம். உன் அக்கா என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், நான் வாயைத் திறக்கக் கூடாது. நானும் சத்தியம் செய்தேன்.

அந்த அறையை நீ பார்க்க வேண்டும். பூமி சூடாவதைப் பற்றிப் பேசும் குழு, ஆனால் ஏசியை அப்படி வைத்திருந்தார்கள், உறுப்பினர்கள் பாதிப் பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள், ஒருவர் மைக்கை அணைக்காமலே தும்மினார். மந்திரி வந்து உட்கார்ந்தார், பக்கத்தில் துறைச் செயலாளர் அம்மா, பின்னால் அதிகாரிகள் ஒரு கூட்டம். திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள், அது மேலே போனது. குழுத் தலைவரம்மா, புகை குறைந்திருப்பதாகச் சொன்னீர்களே, கோடு ஏறுகிறதே என்று கேட்டார். அதற்கு மந்திரி, புகை குறைந்ததாகத் தாம் சொல்லவில்லை, புகை கூடுகிற வேகம் குறைந்திருக்கிறது என்பதே பொருள் என்றார். நான் ஆயுசு முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன். சுவரைப் பார்த்து வண்டியை விட்டுக்கொண்டே, 'சார், நான் மெதுவாத்தான் இடிக்கப் போறேன்' என்று சொல்லும் எத்தனை பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, முன் வரிசைப் பத்திரிகையாளரின் பை இருந்தது. அதற்குள் அவருடைய மதிய உணவு இருந்திருக்கிறது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம் சத்தியம்தானே.

பிறகு பாப்பாவின் முறை வந்தது. எழுந்ததும் அவள் குனிந்து தண்ணீர்க் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தாள். கொறடா எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். சரி, பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"மூடப் போறோம்னு சொல்லி ஆளுங்களை ஏணியில ஏத்தி விட்டிருக்கீங்க. கீழ லாரியில புதுக் குழாய் வந்து இறங்குது. அந்த நிலையத்தை மூடுறீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கொறடாவின் புன்னகை அப்படியே நின்றுபோயிற்று, எடுத்து வைக்க இடம் கிடைக்காத மாதிரி. மந்திரி ஒரே வார்த்தைக்குப் பதிலாக உலகச் சந்தையில் ஆரம்பித்து, மழைக்காலத்தில் சூரிய ஒளி மின்சாரம் படும் பாட்டைச் சொல்லி, சவ்வாக இழுத்து, கடைசியில் புதுக் குழாய் என்று எதுவும் வரவில்லை, இதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி, அப்படி எந்தக் குழாயையும் யாரும் பார்த்ததில்லை என்று அடித்துச் சொன்னார். பாப்பா தவித்துப் போனாள். உன் பெயரை இழுக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள் பார், அந்தப் பெருந்தன்மையை நீ மறக்கக் கூடாது. ஆனால் என் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"என் மச்சான் பாத்தான். அவன் அங்கதான் வேலை பாக்குறான்" என்று சொல்லிவிட்டேன்.

சும்மா சொல்லவில்லை, வகுப்பில் பின்வண்டிக்காரனுக்குக் கேட்கும்படி கத்துவேனே, அந்தக் குரலில். உன் அக்கா கிள்ளியது அப்போதுதான், தொடை விவரம் இத்தோடு முடிந்தது. தலைவரம்மா, மாடத்திலிருந்து வந்த பேச்சு குறிப்பில் ஏறாது என்று உத்தரவு போட்டார், ஆகவே சட்டப்படி நான் எதுவும் சொல்லவே இல்லை. நேரடி ஒளிபரப்பில் போய்விட்டது, அது வேறு விஷயம். காவலர் ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். நடையில் போனதும் மெதுவாக, "சார், நீங்கதான எனக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடுத்தீங்க?" என்று கேட்டார். பார்த்தால் நம் பழைய மாணவர். அவரே என்னைக் கேன்டீனில் டீவிக்கு முன்னால் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார். ஆகவே இனி வருவதை நான் டீவியில்தான் பார்த்தேன்.

மந்திரி வாயைத் திறக்கும் முன்னால் துறைச் செயலாளர் அம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மாடத்தில் அந்தப் பெரியவர் சொன்னது சரிதான் என்றார். குழாய்கள் வாங்கியாகிவிட்டது, புது மின்பாதை வேலை தாமதமாகிறது, அதனால் நிலையத்தை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டத் துறைக்குள்ளேயே முடிவாகிவிட்டது, நாடாளுமன்றத்துக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். நிலையத்தின் கதி என்ன, புகைக் கணக்கு இனி என்ன, உங்களைப் போன்ற தொழிலாளர்கள் எங்கே போவது என்று எல்லாவற்றுக்கும் அடுத்த மாதக் கூட்டத்தில் மந்திரி நேரில் வந்து பதில் சொல்லியாக வேண்டும் என்று தலைவரம்மா கறாராகச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர்களே எழுந்து வந்து பாப்பாவின் கையைக் குலுக்கினார்கள்.

வெளியே வந்த உன் அக்கா, தம்பி வேலைக்கு ஏதாவது ஆனால் நான் உன் வீட்டில்தான் போய் இருக்க வேண்டும், அவள் வீட்டில் இடமில்லை என்றாள். பாப்பா திட்டுவாள் என்று பயந்துகொண்டு நின்றேன். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை ஜில்லென்று இருந்தது.

"நீங்க கத்தலைன்னா அந்தம்மா பேசியிருக்க மாட்டாங்கப்பா. ஆனா இனிமே நீங்க வராதீங்க" என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது அவளுக்கு.

ஆகவே நீ கலங்காதே. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டால், டீவியில் சொன்ன மச்சான் நீ இல்லை, எனக்கு இன்னும் பல மச்சான்கள் உண்டு என்று சொல்லிவிடு. உன் அக்காவுக்கு நீ ஒரே தம்பி என்பது அவருக்குத் தெரியாமலா போகும் என்று உன் அக்கா கேட்கிறாள், அவள் எப்போதுமே இப்படித்தான். அந்த மந்திரியை மட்டும் நம்பாதே. ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கெல்லாம் எதற்கு அந்த நாற்காலி என்று நான் கேன்டீனிலேயே எல்லோரிடமும் கேட்டுவிட்டு வந்தேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, உயரம் என்றால் பயமில்லாமல் வளர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். போனை எடு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மந்திரி இன்று காலை ராஜினாமா செய்துவிட்டார். பிரதமர் பாப்பாவைக் கூப்பிட்டு அந்தத் துறையை அவளிடமே கொடுத்துவிட்டார். நாளைக்குப் பதவியேற்பு. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் பாப்பாதான் பதில் சொல்ல வேண்டும். நிலையத்தை மூடுவாயா மாட்டாயா என்று போனில் நானே கேட்டேன். "ஃபைலைப் பாத்துட்டு சொல்றேம்ப்பா" என்றாள். ஆகவே மேலே நான் எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். ஒரு மந்திரிக்கு எவ்வளவு சிரமம் என்று மாடத்தில் உட்கார்ந்து கத்துகிறவனுக்கு என்ன தெரியும்? இனி வாசலில் எத்தனை லாரி வந்து நின்றாலும் நீ பாட்டுக்குக் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போ. அதைச் சொல்ல எங்களுக்குப் போன் செய்யாதே.