டீக்கடையில் வாசிக்கப்பட்ட காதல்

வாடிப்பட்டி

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் மனைவி தங்கப்பொண்ணு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே குளிரில் வெடித்த கால் ஆறிவிட்டதா என்று தெரிவிக்கவும்.

டவர் கிடைக்காத மலையில் காவலுக்குப் போட்டிருப்பதால் கடிதம் எழுதுகிறீர்கள், சரி. ஆனால் போன கடிதம் வந்த நேரம் நான் கப்பலூர் கம்பெனியில் வேலையில் இருந்தேன். பட்டாளத்து முத்திரையைப் பார்த்ததும் உங்களுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்து, கண்ணாடியைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், உங்கள் அப்பா அதை அழகுராஜா அண்ணன் டீக்கடைக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குக் காது மந்தம், அதனால் அண்ணன் உரக்கப் படித்திருக்கிறார். 'பனியில் நிற்கும்போது உன் நினைப்புதான் எனக்குக் கம்பளி' என்ற வரியில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸையே விட்டுவிட்டார்களாம். மாமா நடுவில், "லீவு எப்பன்னு போட்டிருக்கான்?" என்று கேட்க, "அதுக்கு இன்னும் வரலண்ணே, இப்பத்தான் கன்னத்துக்கு வந்திருக்கான்" என்றாராம். சாயங்காலம் வேனை விட்டு இறங்கினால் பூக்காரப் பாண்டிமீனா அக்கா, "கம்பளி இருக்கையில பூ எதுக்குத்தா?" என்கிறார். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதோடு போயிற்றா? விஷயம் அத்தை காதுக்குப் போய், அவர் மாமாவைப் பிடித்துக்கொண்டார். "எம்மகன் பனியில நின்னுக்கிட்டு இம்புட்டு எழுதுறான். நீ வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு என்னைக்காச்சும் ஒரு வார்த்த சொல்லியிருப்பியாய்யா?" மாமா யோசித்துவிட்டு, "கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னேன்ல" என்றார். "அது ஒந்தங்கச்சி வச்ச கொழம்பு!" என்று கரண்டியைப் போட்டவர்தான், அத்தை அடுப்படிப் பக்கமே வரவில்லை. வேலைக்குப் போய்வந்து சமைப்பதும் நான்தான், "ஒம் மாமனாரத் திங்கச் சொல்லு", "அவளத் திங்கச் சொல்லு" என்று இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனதும் நான்தான்.

பிறகு ஒருநாள் தபால்காரர் அத்தை பேருக்கு ஒரு கவர் கொடுத்தார். அத்தைக்குப் படிக்க வராது, என்னிடம் நீட்டினார். பிரித்தால், 'அன்பு மாயக்கா, பனியில் நிற்கும்போது' என்று இருக்கிறது. வாடிப்பட்டி வெயிலில், மச்சான்! மாமா அழகுராஜா அண்ணனைக்கொண்டு எழுதித் தபாலில் போட்டிருக்கிறார். நான் பனி, கம்பளி எல்லாவற்றையும் தாண்டிவிட்டு மீதியைப் படித்தேன். மாமா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கம்பளின்னு ஒண்ணு வருமாம்ல, அத ஏன் விட்ட? மொதல்ல இருந்து படி" என்றார். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தது அத்தை.

அவர்களுக்குச் சரியாகிவிட்டது. தெருவில் நடக்கமுடியாமல் கிடப்பது நான். ஆகையால் இனிமேல் 'நலம், இன்ன தேதிக்கு வாரேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளவும். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

காதை மூடிக்கொண்டு தூங்கவும். பெரிய ஆபீசரிடம் வாய் கொடுக்க வேண்டாம். அத்தையும் மாமாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்கள், சேர்ந்தே சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கப்பொண்ணு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, டவர் கிடைக்கிற இடத்துக்கு இறங்கி வந்தீர்களோ என்னவோ, உங்கள் போன் வந்தது. "சாப்டீங்களா?" என்றேன். "சாப்ட்டேன், நீ?" என்றீர்கள். "ம்" என்றேன். லைன் போய்விட்டது. இத்தனை மாதம் கழித்து உங்கள் குரலைக் கேட்டும் என் வாயில் வந்தது அவ்வளவுதான், உங்களுக்கும் அப்படியே. நேரில் நாம் பேசிக் கிழித்ததும் தெரிந்ததுதானே. மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன்போலவே எழுதுங்கள். ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.