ஐயத்திற்கிடமான நிழல்: மேல்நடவடிக்கை குறித்து

அலுவலகத்துக்கு வருகிற எந்தக் கடிதத்துக்கும் அன்றைக்கே பதில் போடக் கூடாது என்பது சூப்பிரண்டு அம்மாவின் இருபத்தாறு வருடக் கொள்கை. உடனே பதில் போட்டால், இவர்களுக்கு வேலையே இல்லை போலிருக்கிறது என்று எண்ணிவிடுவார்கள்.

ஆகவே, அலுவலகத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரு மருத்துவமனையில் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்ததில், தம்முடைய முடிவு மேசைக்கு வந்தபோது, முறைப்படி பதிவேட்டில் ஏற்றி எண் போட்டார். “இடது மார்பில் ஐயத்திற்கிடமான நிழல். மேற்பரிசோதனைக்கு உடனே வரவும்.” ‘உடனே’ என்று எழுதாத கடிதத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. எண்ணை மட்டும் இரண்டு முறை தப்பாகப் போட்டு அடித்தார். காரணத்தைக் குறிக்கப் பதிவேட்டில் இடமில்லை.

‘ஓர் ஊழியர்’ என்று பெயரை மறைத்து, கருத்துரை கேட்டுக் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டார். யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது.

“நிழல்னுதானே போட்டிருக்கு? நிழல் யாருக்குத்தான் இல்ல?” என்றார் டைப்பிஸ்ட்.

தபால் பிரிவுக்காரி அண்மையில் பச்சை மூலிகைப் பொடிக்கு மாறியிருந்தாள். “வெறும் வயித்துல பதினோரு நாள் குடிங்க. கெட்டதை நினைக்கவே நினைக்காதீங்கக்கா. நினைச்சாதான் வரும்.”

“போன வருஷப் படத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும்,” என்றார் கணக்காளர்.

“போன வருஷம் எடுக்கலையே, சார்.”

“அப்போ போன வருஷம் ஒண்ணும் இல்லைன்னு ஆகுது.”

நான்கு வாரம் ஓடியது. தங்கை போனில் கேட்டாள்: “போனியாக்கா?”

“கருத்தெல்லாம் வந்துக்கிட்டிருக்குடி.”

“உள்ள இருக்கிறது உன் ஆபீஸ்ல சம்பளம் வாங்கலக்கா. அது பாட்டுக்கு வேலை பாக்கும்.”

சூப்பிரண்டு அம்மாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அம்மையார் திருப்பி அனுப்பினார்: “காரணம் போதாது. நோயின் பெயரைக் குறிப்பிடவும்.”

“பெயரைத் தெரிந்துகொள்ளவே விடுப்பு கோரப்படுகிறது.”

“பெயர் தெரிந்தபின் மீண்டும் சமர்ப்பிக்கவும்.”

வாசகம் கச்சிதமாக இருந்தது. பத்து வருடத்துக்கு முன் அதை வரைந்து கொடுத்தவரே சூப்பிரண்டு அம்மாதான். ஒரு நிமிடம் பெருமைகூட வந்தது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

மருத்துவர் ஊசி போட்டுச் சதைத் துணுக்கெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து முடிவைச் சொன்னார்: “புற்றுதான்மா. ஆனா பயறு அளவுதான், எடுத்துடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா பேச்சே வேற. கடிதம் கிடைச்சதும் ஏன் வரல?”

“பரிசீலனையில இருந்துச்சு, டாக்டர்.”

அலுவலகம் திரும்பினால் மேசையில் குறிப்பாணை: சென்ற வாரம் முன் அனுமதியின்றி வெளியேறியமைக்கு விளக்கம் தருக. சூப்பிரண்டு அம்மா நேராக மேலதிகாரியின் அறைக்குள் போனார். இருபத்தாறு வருடத்தில் பேசாததையெல்லாம் பேசிவிடுவதென்று வாயைத் திறந்தார்.

அம்மையார் எழுந்து கதவைச் சாத்தினார். இழுப்பறையை இழுத்து, கோப்புகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே மருத்துவமனை, அதே தேதி.

“அந்த டாக்டர் எந்தெந்த நாள் இருப்பாங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“இன்னிக்கே இருக்காங்க. நீங்க ஏன் மேடம் போகல?”

“லீவுக்கு எழுதினேன். நான்தானே அனுமதிக்கணும்? காரணம் போதாதுன்னு திருப்பிட்டேன்.”