கூச்ச ஒழிப்புக் குழு

உலகிலேயே கூச்சத்தை ஒழிப்பதற்கென்று அமைக்கப்பட்ட முதல் குழு, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில்தான் உதயமானது. அதன் செயலாளர் அடியேன்தான் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

யோகம்மா அக்காவின் டுரியான் தோட்டத்துக்கு தினமும் மாலையில் ஒரு காட்டுப்பன்றி வந்தது. விழுந்த பழத்தைத் தின்றது, கன்றுகளின் வேரைக் கிளறியது. அக்காவோ அந்தப் பருவத்துப் பழத்தைத்தான் நம்பியிருந்தார். தோட்டக்காரர் சங்கம் சும்மா இருக்குமா? தலைவர் தம்பு அண்ணன் உடனே துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப் ஒன்று வாங்கினார். துப்பாக்கி வாங்கவில்லை. லைசென்ஸ் வர நாளாகுமாம். அதுவரை 'பயிற்சி'க்காக ஸ்கோப்பைத் தரை துடைக்கும் மாப் கட்டையில் கட்டிக் குறிபார்த்தார்.

மேற்கு வெயில் ஸ்கோப் கண்ணாடியில் பட்டுப் பளீரென்று அடித்தது. பன்றிக்குக் கண் கூசியது. வந்த வழியே ஓடியது. மறுநாளும் ஓடியது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தலைவருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

"கண்ணாடி மின்னுது. நாம இருக்கிற இடம் அதுக்குத் தெரிஞ்சிருது."

"அதான் ஓடிருதே அண்ணே. அது போதும் லா," என்றார் அக்கா.

"ஓடிட்டா எப்படிம்மா சுடுறது?"

இந்தக் கேள்வி சங்கத்தையே உலுக்கியது. ஆகவே பன்றியின் கண்கூச்சத்தை ஒழிக்கக் குழு அமைந்தது. அக்காவின் வீட்டிலேயே ஏழு முறை கூடினோம். வந்தவர்களுக்கு அக்கா பழம் வெட்டி வைத்தார். ஆலோசனை அவ்வப்போது தடைப்பட்டது, சுளை தடைப்படவில்லை.

ஸ்கோப் முனையில் நீளக் குழாய் மாட்டுவதா, தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட மூடி மாட்டுவதா என்பதே விவாதம். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வினோதன் ஆழமான ஐயம் ஒன்றைக் கிளப்பினார்.

"தேன்கூடுன்னா தேனீ வராதா அண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. ஸ்கோப் வாங்கிய ஜார்ஜ்டவுன் கடைக்குப் போன் போட்டோம். எடுத்தவர் ஹன்னா என்ற விற்பனைப் பெண்.

"தேனீலாம் வராது சார். என்ன துப்பாக்கி வச்சிருக்கீங்க?"

"மாப்," என்றார் தலைவர்.

"அந்த மாடல் எங்ககிட்ட வர்றதில்லையே சார்."

கடைசியில் குழாய், மூடி இரண்டையுமே வாங்கி மாட்டினோம். அன்று மாலை ஸ்கோப் துளியும் மின்னவில்லை. பன்றி வந்தது. நிதானமாகத் தின்றது. தலைவர் மாப்பை அசையாமல் பிடித்துக் குறிபார்த்தார்.

"ஒவ்வொரு மயிரும் தெளிவா தெரியுது," என்று நெகிழ்ந்தார்.

மறுநாள் பன்றி குடும்பத்தோடு வந்தது. வாரம் முடிவதற்குள் தோட்டம் காலி.

எட்டாவது கூட்டத்தில் 'முழு வெற்றி' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். பிறகு வழக்கம்போல் காத்திருந்தோம். அக்கா வெறும் தட்டோடு வந்தார்.

"பழம் எங்கக்கா?" என்றார் வினோதன்.

"பாதி பன்னி தின்னுச்சு. மீதி நீங்க தின்னீங்க. அந்தப் பன்னிக்காவது முதல்ல கொஞ்சம் கூச்சம் இருந்துச்சு தம்பி."