வாசலில் தொங்குகிறது என் வேலி

அன்புள்ள மச்சானுக்கு,

'அன்புள்ள' என்பது பழக்கத்தில் விழுந்துவிட்ட சொல். அடித்தால் தாள் அசிங்கமாகும் என்பதற்காக விட்டுவைத்திருக்கிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் கொள்ளி வைத்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் எப்போதும் சுகமாகத்தான் இருப்பார்கள். இங்கே உன் அக்காவும் பரம சுகம். என் நிலைமையைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் இரண்டு நாள் வந்து தங்கினாய். வெறுங்கையோடு வரக்கூடாது என்று உன் பைண்டிங் கடையில் வெட்டிப்போட்ட அட்டைத் துண்டு, துணி ஓரம், நூல் மிச்சம், பசை டப்பாவின் அடிவண்டல் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தாய். குப்பை எங்கள் வீட்டை விட்டு வெளியே போய்த்தான் பார்த்திருக்கிறேன், உள்ளே வந்து அன்றுதான் பார்த்தேன். அதோடு விட்டாயா? "அக்கா, அலங்காரத்துக்குக் காசு எதுக்கு? தோட்டத்துல கழிச்சுப் போடற கொம்பு, கொடி, காய்ஞ்ச இலை போதும். மழைக்காலத்துக்கு ஒண்ணு, வெயில் காலத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஜோடிக்கலாம். பத்து நிமிஷ வேலை" என்றாய். ஒரு கம்பியை வளைத்து, நாலு இலையைச் செருகி, கதவில் மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாய். என் குடையை வாங்கிப் போய் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவன் நீ. அன்றைக்கே உன்னைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

உன் பத்து நிமிஷ வேலை இன்றோடு இருபத்து மூன்றாவது நாளாக நடந்துகொண்டிருக்கிறது. முதலில் உதிர்ந்ததை மட்டும்தான் உன் அக்கா பொறுக்கினாள், நானும் தோட்டம் சுத்தமாகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பாட்டு மேஜை போயிற்று. அதில் அட்டை வளையங்கள் காய்கின்றன, நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். எலுமிச்சையை வட்டம் வட்டமாக அரிந்து என் அலுவலகக் கோப்பின் நடுவில் வைத்து உலர்த்தியிருக்கிறாள். மேலதிகாரி கோப்பைத் திறந்தார், மோந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஓய்வு பெற்ற பிறகும் மறக்க மாட்டேன். காய்ந்த விதைக்காய்களைக் கொத்தாகக் கட்டி விளக்கின் கீழே தொங்கவிட்டாள். சூடு பட்டால் அவை வெடிக்கும் என்று நீ சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. சாப்பிடும்போது ஒன்று என் தண்ணீரில் விழுந்தது, இன்னொன்று காதில். தோட்டத்தைப் பெருக்கும்போது கிடைத்த ஒரு கல்லைக்கூட அவள் விடவில்லை. அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, இடுப்பில் ரிப்பன் கட்டி, காற்றில் கதவு அடிக்காமலிருக்க வாசலில் நிறுத்திவைத்திருக்கிறாள். நான்கு நாளில் நான்கு முறை இடித்துக்கொண்டேன். கட்டை விரல் நகம் அந்தக் கல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது.

இருபத்தாறு வருஷம் என்னோடு வெயிலில் நடந்த பழைய துணி டேப் ஒன்று பீரோவில் இருந்தது, உனக்கும் தெரியும். நில அளவைத் துறையில் சேர்ந்த முதல் நாள் கொடுத்தது. அதை எடுத்து ஒரு வளையத்தில் சுற்றியிருக்கிறாள். கேட்டால், "நம்பரெல்லாம் வரிசையா வந்து பார்க்க லட்சணமா இருக்குங்க" என்கிறாள்.

கதவில் மாட்டியது சின்ன வளையமாக இருந்தவரை பரவாயில்லை. அது நாளுக்கு நாள் பெருத்து, பச்சை இலையும் வெள்ளைப் பூவுமாக, மலர்வளையம் போல லாரி டயர் அளவுக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலில் இப்படி ஒன்றைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? சனிக்கிழமை ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டுப் போக எங்கள் அலுவலக ஜீப் டிரைவர் வந்திருக்கிறான். வளையத்தைப் பார்த்தவன் வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டான். திங்கட்கிழமை நான் அலுவலகம் போனபோது ஜன்னலோரம் என் நாற்காலியில் டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்க அவருக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. "அப்ப உங்க வீட்ல வேற யாரு சார்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. நான் இதைச் சொன்னால் உன் அக்கா, "உங்களுக்கு எல்லாரு மேலயும் சந்தேகம்" என்கிறாள்.

இதெல்லாம் போகட்டும். வேலிக்கு வருகிறேன், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் துணிக்கடைக்காரருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று உனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் இரண்டு மனைக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல்லைக் காணவில்லை. கேட் அருகே உள்ள கல்லிலிருந்து நானே டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டேன். அந்த மனிதர் வந்தார். குனிந்தார். முழங்கையைத் தரையில் ஊன்றி விரலை நீட்டி அளந்து, "ஒரு முழம் நம்ம பக்கம் வந்துட்டீங்களே சார். கல்லு இங்கதான் எங்கயோ இருந்துச்சு. டேப்பு சரியா இருக்கா பாருங்க" என்றார். தெருவில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து சண்டை தீர்த்து வைக்கிறவனிடம், கையால் துணி கிழிக்கிற ஒருவர் சொல்கிறார். நான் சொன்னேன்: "கல்லைக் காட்டுங்க. காட்டிட்டா உங்க வாசல்ல வந்து நின்னு, தப்பு என்னுதுன்னு என் வாயால சொல்றேன்." அவர், "உங்க இஷ்டம் சார்" என்று உள்ளே போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன். அன்று அந்தக் கோட்டின் மேல் நான் நட்ட வேலிதான் அது. பதினோரு வருஷம் தண்ணீர் ஊற்றி ஏழடி உயரம் வளர்த்தேன். அந்த முகத்தை அதன் பிறகு நான் பார்த்ததில்லை.

போன புதன்கிழமை அலுவலகத்திலிருந்து வந்து பார்க்கிறேன், வேலி இடுப்பளவுக்கு நிற்கிறது. "வளையத்துக்கு உடையாம வளையற கொம்பு அதுலதாங்க இருக்கு" என்கிறாள் உன் சிஷ்யை. அந்தப் பக்கம் அவர் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வணக்கம் சார்" என்றார். நான் தயாராக இல்லை, பதினோரு வருஷம் கழித்து ஒரு மனிதன் திடீரென்று எதிரே முளைத்தால் யார்தான் தயாராக இருப்பார்கள்? என் வாய் என்னைக் கேட்காமல், "வணக்கம்" என்று சொல்லிவிட்டது. மச்சான், அந்த ஒரு வணக்கத்துக்கு நீதான் பொறுப்பு.

இன்னும் முடியவில்லை. வளையங்களில் கட்டியிருக்கும் ரிப்பன் உன் மூட்டையில் வந்த சரக்கு இல்லை, நல்ல துணி. எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க. கடையில கிழிச்ச ஓரம்."

"எப்படிக் குடுத்தாங்க?"

"வேலிச் சந்து வழியாத்தான்."

"எத்தனை நாளா?"

"ரிப்பன் இப்பத்தான். சர்க்கரை, தீப்பெட்டி எல்லாம் பதினோரு வருஷமா."

நான் ஒரு வேலியை வளர்த்தால் அதற்குள் இவர்கள் ஒரு கடைத்தெருவையே நடத்தியிருக்கிறார்கள். கோபத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கலாமென்று சொம்பை எடுத்தால் அதில் காய்ந்த கதிர்களைச் செருகி வைத்திருக்கிறாள்.

ஆகவே உனக்குத் தெளிவாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது நாற்றுகளோடு நீ இங்கே வர வேண்டும். வெட்டிய இடத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நடவேண்டும். என் வேலி, என் மண், என் பதினோரு வருஷம், இதற்கு நீதான் பதில் சொல்லியாக வேண்டும். வராவிட்டால் இனி இந்த வாசல்படியை மிதிக்காதே. மிதித்தாலும் அந்தப் பச்சைக் கல்லில் இடித்துக்கொள்வாய்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் ஆசிகள், நல்ல படிப்பும் மாமனைப் போலப் பொறுமையும் வாய்க்கட்டும். உனக்கான ஆசியை நாற்பதாவது நாற்றை நட்ட பிறகு நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு, தபால் பெட்டிக்குப் புறப்பட்டு, வாசலில் ஐந்தாம் முறையாக இடித்துக்கொண்டேன். இந்த முறை நகம் தப்பியது, கல்லின் தலையில் பெயிண்ட் பெயர்ந்தது. உள்ளே உளியால் வெட்டிய ஒரு கூட்டல் குறி. இருபத்தாறு வருஷமாக வரப்பு வரப்பாக மண்ணைத் தட்டி நான் தேடித் தேடிப் பார்க்கிற குறி.

உன் அக்காவைக் கூப்பிட்டு எங்கே தோண்டினாய் என்றேன். வேலி ஓரம், நம் பக்கம், இலைக்குப்பைக்கு அடியில். இவள் கடப்பாரையால் நெம்ப, அந்தப் பக்கத்திலிருந்து அந்தம்மா எட்டி ஒரு கை பிடித்தாராம். "அது எல்லைக்கல்லுடி" என்றேன். "பதினோரு வருஷமா கல்லு கல்லுன்னீங்களே, கல்லு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள்.

வளையத்திலிருந்து டேப்பை அவிழ்த்துக்கொண்டு போனேன். குழி அப்படியே இருந்தது. குழியிலிருந்து என் சுண்ணாம்புக் கோடு, அதாவது வேலி, அந்தப் பக்கம் நாற்பத்தேழு சென்டிமீட்டர். பிறகு கேட் அருகே போய், அன்று நான் அளக்கத் தொடங்கிய கல்லைத் தட்டிப் பார்த்தேன். அதன் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. கேட் சுவரில் மோதாமலிருக்க யாரோ ஊன்றிய வெறும் கல். அன்றைக்கே தட்டிப் பார்த்திருக்கலாம். சொந்த வீட்டுக்கு யார் தட்டிப் பார்க்கிறார்கள்? நான் கதவுக்கு வைத்த கல்லை எல்லைக்கல் என்று நினைத்தேன், உன் அக்கா எல்லைக்கல்லைக் கதவுக்கு வைத்துவிட்டாள். அவள் தப்பு நான்கு நாளில் வெளிப்பட்டது, என்னுடையதற்குப் பதினோரு வருஷம் பிடித்தது.

ஆகவே நான் மேலே நான்கு பக்கம் அழுதிருக்கும் வேலி முழுக்க அவருடைய மண்ணில் நிற்கிறது. இந்தக் கடிதத்தை அவர் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

குழியை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. உன் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். திட்டியிருந்தால் மூடியிருப்பேன். கல்லை ரிப்பனோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். அவர் கதவிலும் ஒரு வளையம், என் வேலி, இல்லை, அவர் வேலி. "தப்பு என்னுது" என்றேன். அவர் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது நம்ம கடைத் துணியாச்சே" என்றார். பிறகு முழங்கையைக் கதவு நிலையில் ஊன்றி விரலை நீட்டினார். முழம் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, இருந்தாலும் கல்லை இறக்கிவைத்துவிட்டு டேப்பை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு.

நாற்று வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வா, கல்லை மறுபடி ஊன்ற ஆள் வேண்டும். ரிப்பனை அவிழ்க்கக்கூடாது என்று இரண்டு பெண்களும் உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வாசலில் தொங்கிய வளையங்களை எல்லாம் கழற்றி, உங்கள் பொருள் என்று அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "வெச்சுக்கோங்க சார், வேலிதானே" என்றார். தெருவில் பத்துப் பேர் நிற்கிறார்கள். இதை நான் லேசில் மறக்கமாட்டேன்.