உங்கள் மகனும் என் பாறையும்

பஸ்ஸார்ட்ஸ் விரிகுடாக் கரை,
ஞாயிற்றுக்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. வெர்னன் ஹாகன் அவர்களுக்கு,

டெல்ஃபிம் அரூடா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஒலிண்டாவும் மகள் செலஸ்டியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நெப்ராஸ்காவில் நீங்களும் லொரெய்ன் அம்மையாரும், உங்கள் மாடுகளும் சோளமும், அவ்வண்ணமே சௌக்கியமாக இருக்க வேண்டும். நிற்க. வரும் சனிக்கிழமை சர்ச்சில் நம் பிள்ளைகளின் கல்யாணம் அல்லவா, அதற்கு நான் வரப்போவதில்லை. நீங்களும் காரில் சாமான் ஏற்ற வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே பயமாக இருந்ததால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன். கோபத்தில் கிறுக்குகிறேன். எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடலைப் பார்த்திராதவர், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் விரிகுடாவில் ஸ்ட்ரைப்பர் என்று ஒரு மீன் உண்டு, உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடு, வாய் ஒரு வாளி அகலம். அது எல்லா இடத்திலும் நிற்காது. நிற்கிற பாறை ஒன்று எனக்குத் தெரியும். கரையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வர வேண்டும். அந்தக் கோட்டிலேயே போனால் ஓரிடத்தில் ஆழம் சட்டென்று குறையும், அங்கேதான் பாறை. எந்த இரண்டு பொருள்கள் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன், கோபிக்க வேண்டாம். உங்கள் ஊரில் நிலத்துக்கு வேலி போடலாம். கடலில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வேலி. இருபத்தாறு வருடமாக என்னையும் என் நண்பர்கள் ஹோரஸையும் அல்வாரோவையும் தவிர ஒருவருக்கும் அந்தப் பாறை தெரியாது. ஒலிண்டாவுக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் ஃபாதரிடம் சொன்னதில்லை, ஏனென்றால் அவரும் தூண்டில் வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, மாப்பிள்ளை ஆகப்போகிறவன் என்ற ஒரே காரணத்துக்காக, நேற்று விடியற்காலை உங்கள் மகன் நோலனைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னெச்சரிக்கையாக அவன் போனை வாங்கி ரொட்டி டப்பாவில் போட்டு மூடினேன், கண்ணைச் சமையலறைத் துண்டால் கட்டினேன். முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஹோரஸுக்கு அதில் மனத்தாங்கல்.

"இதெல்லாம் ரொம்ப அதிகம்டா. அவன் உன் மருமகன்டா!"

"மருமகனாக இன்னும் ஏழு நாள் இருக்கு. அதுவரைக்கும் அந்நிய ஆளுதான்," என்றேன்.

துறைமுகத்தைத் தாண்டியதும் அல்வாரோ மூக்கை உறிஞ்சினான். அவன் பேக்கரிக்காரன், அவன் மூக்கை ஏமாற்ற முடியாது. "டேய், படகுல வாழப்பழ வாசன வருதுடா!" என்று அலறினான். படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கடிக்காது, என்ஜின் நிற்கும், இதெல்லாம் குழந்தைக்கும் தெரியும். உங்கள் மகன் கண்கட்டோடு, "எங்கம்மா உங்களுக்காகச் செஞ்சு அனுப்பின கேக்குங்க மாமா. வாழப்பழம் போட்டது," என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கேக் கடலில் மிதந்தது. லொரெய்ன் அம்மையாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். பிறகு இரைக்கு உயிர் விலாங்கு எடுக்கச் சொன்னால், துணியால் பிடிக்காமல் வெறுங்கையால் பிடித்தான். அது மழைக்கோட்டின் கைக்குள் புகுந்து அக்குள்வரை போய்விட்டது. அவன் ஆடிய ஆட்டத்தில் படகே கவிழ்ந்திருக்கும். இத்தனையும் நான் பொறுத்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஏழு மணிக்கு என் தூண்டிலை ஒன்று பிடித்து இழுத்தது பாருங்கள்! இருபது நிமிடம். முதுகு போய்விட்டது. மேலே வந்தபோது அல்வாரோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். நாற்பத்தேழு அங்குலம்! என் ஆயுளில் பிடித்த மீன்களிலேயே பெரியது. ஆனால் இங்கே சட்டம் என்னவென்றால் இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறைந்தாலும் விட வேண்டும், முப்பத்தொன்றுக்கு மேல் போனாலும் விட வேண்டும். ஆகவே எனக்கு மிஞ்சப்போவது ஒரு படம் மட்டும்தான். போனை டப்பாவிலிருந்து எடுத்து உங்கள் மகனிடம் கொடுத்தேன். கண்கட்டை எப்போதோ அவிழ்த்தாயிற்று. மீனோ நழுவுகிறது, அவனோ அங்கே நின்று யோசிக்கிறான்.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, பின்னாடி..."

"பின்னாடி கிடக்குது! வால் முழுசா விழுதா பாரு! எடுடா, செத்துரும்!"

எடுத்தான். மீனை விட்டேன், வாலால் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். மத்தியானத்துக்குள் படத்தில் நாலு பிரதி போட்டேன். ஒன்று தூண்டில் கடைச் சுவரில், ஒன்று முடிதிருத்தும் கடையில், ஒன்று எங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு. தூண்டில் கடை நோர்மா அதைக் கடையின் இணையப் பக்கத்திலும் போட்டு, மாலைக்குள் நானூறு பேர் பார்த்தார்களாம். நாலாவது பிரதியை உங்களுக்கு இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இன்று காலை அதே நால்வரும் மறுபடி போனோம். முனையைத் திரும்பியதும் நான் கண்டதை எப்படி எழுதுவேன்? என் பாறையின் மேல் இருபத்தேழு படகுகள்! எண்ணினேன். நம்ப முடியாமல் மறுபடி எண்ணினேன், அதற்குள் இருபத்தெட்டாகிவிட்டது. ஒருவன் வறுத்த தொத்திறைச்சி தின்றுகொண்டு, எனக்கு, எனக்கே, கையாட்டினான்! உட்கார்ந்துவிட்டேன். அல்வாரோ தண்ணீர் தெளித்தான்.

"யாரோ வாயத் தொறந்திருக்காங்க," என்றார் ஹோரஸ். அப்போதுதான் உங்கள் மகனின் மழைக்கோட்டுக் கைக்குள் கறுப்பாக, வட்டமாக ஒன்று தெரிந்தது. "இதோ, வாட்ச்! எம் பையன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. போற வழியெல்லாம் மேப் போட்டு ஊருக்கே அனுப்பிடும்!" என்று கத்தினான் அல்வாரோ.

மூவரும் அவனைப் பார்த்தோம். அவன் வாட்ச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, "மன்னிச்சிருங்க மாமா, என் தப்புதான்," என்றான். மறுத்துக்கூடப் பேசவில்லை! நான் அவனைக் கரையில் இறக்கிவிட்டு, என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். செலஸ்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள் இன்னும் திறக்கவில்லை. ஒலிண்டா என்னோடு பேசவில்லை. நான் என்ன தப்பு செய்தேன், நீங்களே சொல்லுங்கள். ஒரு ரகசியத்தை ஒரு நாள்கூடக் காப்பாற்ற முடியாதவன் கையில் என் மகளை எப்படிப் பிடித்துக் கொடுப்பேன்?

உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கடவுள் உங்கள் குடும்பத்துக்கும் மாடுகளுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல மழையும் தரட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த
டெல்ஃபிம் அரூடா

பின்குறிப்பு: திங்கள் காலை. உடனே காரில் சாமான் ஏற்றுங்கள். கடித உறையை ஒட்டுவதற்கு முன் செலஸ்டி வந்தாள். உள்ளே வைத்திருந்த படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உன் தொப்பியிலேர்ந்து என்ன முளைச்சிருக்கு?" என்று கேட்டாள். பார்த்தேன். சர்ச் கோபுரம். அதற்கு நேர் பின்னால், நூல் பிடித்தாற்போல், ஊர்த் தண்ணீர்த் தொட்டி. நீங்களும் பாருங்கள். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். இந்த விரிகுடாவில் படகு வைத்திருக்கும் எவனுக்கும் அதற்குமேல் வழி சொல்ல வேண்டியதில்லை. நானே நாலு பிரதி போட்டு நானே ஆணி அடித்தேன். வாட்ச்சைப் பற்றிக் கேட்டேன். "அது சாவி குடுக்கிற வாட்ச்பா. அவங்க தாத்தாவோடது. கல்யாணத்துக்குன்னு அவங்க அப்பா குடுத்தது," என்றாள். இது முதலிலேயே உங்களுக்குத் தெரியுமாதலால், மேலே உள்ளதைப் படிக்கும்போது நீங்கள் எவ்வளவு சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கவே கூசுகிறது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், செலஸ்டி விடவில்லை. "அப்படியே அனுப்பு. யார் வீட்ல சம்பந்தம் பண்றோம்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்," என்றாள்.

நோலனைக் கூப்பிட்டு, "தெரிஞ்சிருந்தும் ஏண்டா சொல்லல?" என்றேன். "அங்க சொல்லியிருந்தா அவங்க ரெண்டு பேரும் ஆயுசுக்கும் உங்கள விட்டிருக்க மாட்டாங்களே மாமா. நான் ஊருக்குப் புதுசு, எனக்கென்ன," என்றான். செலஸ்டியிடமும் அவன் மூச்சு விடவில்லையாம், அவளே படத்தைப் பார்க்கும்வரை. ஹோரஸுக்கும் அல்வாரோவுக்கும் இன்னும் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். லொரெய்ன் அம்மையார் அந்தக் கேக்கை இன்னொன்று செய்து கொண்டுவரட்டும், கரையிலேயே உட்கார்ந்து தின்கிறோம். கல்யாணம் முடிந்ததும் நான் புதுப் பாறை ஒன்று தேட வேண்டும். கிடைத்தால் நோலனிடம் மட்டும்தான் சொல்வேன்.